அழிக்காமல் ஏற்றிய ஓ.எஸ்.

தென்காசியில் கல்யாணப் பத்திரிகை டைப் செய்து கொடுக்கும் பாக்கியத்தாய், சி.பி.யு.வை இடுப்பில் வைத்துக்கொண்டு சங்கரவேலுவின் ரிப்பேர் கடைக்குள் வந்தார். புதுத் தமிழ் டைப்பிங் சாப்ட்வேர் பழைய ஓ.எஸ்.ஸில் ஓட மாட்டேன் என்கிறது. விண்டோஸ் 7-ஐ எடுத்துவிட்டு விண்டோஸ் 10 போட வேண்டும். ஆனால் பதினோரு வருசப் பத்திரிகைகள் உள்ளே கிடக்கின்றன. வரப்போகிற ஆவணி முகூர்த்தத்துக்கு மட்டும் நாற்பது.

"ஒண்ணு அழிஞ்சாலும் ஊருல தலைகாட்ட முடியாது தம்பி."

"அழிச்சுட்டுப் புதுசா போடுறவன் மெக்கானிக்கே இல்லக்கா," என்றான் சங்கரவேலு. "போன வருசம் ஒரு ரைஸ்மில்லுல மாத்துனேன். மேனேஜரு லெட்டர் அடிச்சுக்கிட்டு இருந்தாரு. எந்திரிக்கவே சொல்லல. 'அன்புள்ள'ன்னு அடிக்கையில ஏழு. 'ஐயா'ன்னு அடிக்கையில பத்து. இன்னைக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது."

பிரிண்டரை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த மீரான் அண்ணாச்சி நிமிர்ந்தார். "நடுவுல கரண்டு போயிருந்தா என்னவே செய்வீரு?"

"போச்சே! சரியா அறுபது சதவீதத்துல போச்சு. மில்லு வாசல்ல பதினேழு சைக்கிள் நின்னுச்சு. எல்லா டைனமோவையும் ஒண்ணா முறுக்கிக் கட்டி, மூட்டை தூக்குறவங்களை மிதிக்கச் சொன்னேன். அவங்க வேகமா மிதிச்சுட்டாங்க. பத்தைத் தாண்டிப் பதினொண்ணுக்கே போயிருச்சு. அப்புறம் பெடலைப் பின்பக்கமா சுத்தச் சொல்லிப் பத்துல நிறுத்துனேன்."

"அதுல வைரஸ் இருந்திருக்குமே?"

"இருந்துச்சு. அதையும் அழிக்கல அண்ணாச்சி. அதுவும் சேந்து மேல ஏறிருச்சு. முன்னால ஃபைலைத் தின்னுக்கிட்டு இருந்தது, இப்ப காலையில மொத ஆளா எந்திரிச்சுத் தூசி தட்டி அடுக்கி வைக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு கேக்கும்."

பாக்கியத்தாய் சி.பி.யு.வை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கல்யாண ஃபைலெல்லாம் அப்படியே இருக்குமா தம்பி?"

"இருக்குமாவா? செங்கோட்டையில ஒரு ஸ்டுடியோ. அஞ்சு வருசத்துக்கு முந்தி எடுத்த கல்யாண ஃபோட்டோ உள்ள இருந்துச்சு. பத்தை ஏத்திட்டுத் திறந்து பாக்கேன், மாப்பிள்ளை மடியில ஒரு பிள்ளை, பொண்ணு மடியில ஒரு பிள்ளை."

"புளுகாதயும்வே!"

"சத்தியமா அண்ணாச்சி. மாப்பிள்ளைக்கு லேசா முன்வழுக்கை கூட விழுந்திருந்துச்சு."

பாக்கியத்தாய் கவலையோடு கேட்டார். "அப்ப என் பத்திரிகையில பிள்ளைங்க பேரும் ஏறிருமோ?"

"வேண்டாம்னா ஏத்தும்போது அந்தக் கட்டத்துல உள்ள டிக்கை எடுத்துருதேன்க்கா."

பாக்கியத்தாய் சி.பி.யு.வைக் கீழே வைக்காமல் இடுப்பு மாற்றிக்கொண்டார். பிறகு மேசையில் ஓடிக்கொண்டிருந்த கடைக் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார். அதிலும் ஏழுதான்.

"மொதல்ல இதுல ஏத்து. பாத்துட்டு என்னோடதைத் தாரேன்."

சங்கரவேலு பதறி எழுந்து, கீபோர்டை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

"ஐயோ, இதுலயா? இதுல என் ஃபைலெல்லாம் இருக்குல்லாக்கா!"