ஆம்பல் சொன்னதும் பாசி சொன்னதும்

கூவிளங்குடி ஏரிக்குக் காவல் உடையப்பன். நாற்று நடும் நாளில் ஏரிச் சேற்றைக் கையில் ஏந்திச் சத்தியம் செய்திருந்தான்: அறுப்பு முடியும்வரை, ஊர்த்தலைவர் சொல்லாமல் மதகைத் திறப்பதில்லை. மீறியவனுக்கு அந்த ஊரில் நெருப்பும் கிடையாது, தண்ணீரும் கிடையாது.

அந்த வருடம் ஊரில் நாற்பது நாளாகப் பொட்டு மழை இல்லை. மலையில் மட்டும் விடாமல் பெய்தது. ஆறு கொண்டுவந்த தண்ணீர் ஏரியில் நாளுக்கு ஒரு விரற்கடையாக ஏறிக்கொண்டிருந்தது. யாரும் கவலைப்படவில்லை. ஆம்பல் முங்காதவரை கரைக்கு ஆபத்தில்லை என்பது அவர்கள் கணக்கு. ஆம்பலோ தினமும் வெள்ளை வெளேரென்று தண்ணீர்மேல் சிரித்துக்கொண்டிருந்தது.

உடையப்பன் மட்டும் ஆம்பலை விட்டுவிட்டுக் கரையைப் பார்த்துவந்தான். கரையின் வெளிப்புறம், வெயில் காயும் கற்சரிவில், முழங்கால் உயரத்தில் பாசி படர்ந்திருந்தது. போன அமாவாசைக்கு உள்ளங்கை அகலம். இப்போது பாய் அகலம். அதற்கு நேர் கீழேதான் அவன் மகள் சிலம்பாயி கைக்குழந்தையோடு குடியிருந்தாள்.

தலைவர் மருதையாவைக் கூட்டிவந்து காட்டினான். அவர் பாசியைச் செருப்பால் தேய்த்துப் பார்த்தார்.

"கல்லுன்னு இருந்தா பாசி பிடிக்கத்தான்யா செய்யும். ஆம்பலுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சா? இன்னும் அஞ்சு நாள்ல அறுப்பு. இப்பத் திறந்தா நெல்லு முங்கி ஊரே பட்டினி கிடக்கணும்."

அவர் பொல்லாதவர் இல்லை. முந்தின பஞ்சத்தில் இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவர்.

உடையப்பன் ஒரு பகல் பொறுத்தான். மறுநாள் விடிந்ததும் போய் மதகைத் திறந்துவிட்டான். உச்சிப்பொழுதுக்குள் விளைந்த நெல்லில் பாதி மூழ்கியது. ஊர் ஓடிவந்து அவனைப் பிடித்துக் கட்டியது, மதகை அடைத்தது. கரையில் ஒரு கல்கூட நகரவில்லை.

மகள் வீட்டைக் காப்பாற்ற ஊர்ச் சோற்றில் கை வைத்துவிட்டான் என்றார் தலைவர்.

"மகளையும் நினைச்சேன். இல்லைன்னு சொல்ல மாட்டேன்," என்றான் உடையப்பன்.

அன்றே அப்பனையும் மகளையும் ஊரைவிட்டு விலக்கினார்கள்.

நெல்லைக் காக்க நினைத்த தலைவர், சத்தியத்தை முறித்த காவலன். கேட்டவர்களே சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

விடை: உடையப்பன் செய்ததுதான். ஆம்பலுக்கு வேர் சேற்றில் இருக்கிறது. தண்ணீர் மெல்ல ஏறினால் தண்டை நீட்டிக்கொண்டு அதுவும் கூடவே ஏறும். பாசிக்கு வேரில்லை, ஒட்டிய இடத்தில் ஈரம் இருந்தால்தான் உயிர். நாற்பது நாள் மழை காணாத வெயில் சரிவில் அந்த ஈரம் எங்கிருந்து வந்தது? ஏரி கரைக்குள் புகுந்து வெளியே கசிகிறது. அன்றைக்கு ஏரித் தண்ணீர் ஒரு முழம் இறங்கியதால்தான் கரை நின்றது. மகளை நினைத்துத்தான் திறந்தான் என்றாலும் பாசி பொய்யாகிவிடாது. மதகை அடைத்தாயிற்று, ஆறு இன்னும் வந்துகொண்டிருக்கிறது. புதுக் காவலன் தினமும் விடியலில் போய் ஆம்பலைப் பார்த்துவிட்டு, பயமில்லை என்று ஊருக்குச் சொல்கிறான்.