பேச்சியம்மாளின் அண்டா மூடி

ஆவுடையப்பன் நூற்பாலையில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு போல்ட்டு இடம் மாறியிருந்தாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி செண்பகவடிவு. வைத்தது வைத்த இடத்தில் இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

வடிவு சும்மா இருக்கப் பிறந்தவள் இல்லை. தெருவில் யாருக்குப் பென்ஷன் வராவிட்டாலும் மனு எழுதுகிறவள் அவள்தான். வருஷா வருஷம் வரும் அம்மன் கொடைத் திருவிழாவுக்குக் கும்மிப்பாட்டுக் கட்டுகிறவளும் அவள்தான். எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம் மூடி மேளம். கொடைக்கு நாலு நாள் முன்னால் இருபத்துமூன்று வீடும் ஏறி இறங்கி, அண்டா மூடி, குண்டான் மூடி, இட்லிக் கொப்பரை மூடி என்று அத்தனையையும் வாங்கி வருவாள். ஆளுக்கு ஒரு மூடியும் ஒரு கரண்டியும் கொடுத்து அடிக்க வைப்பாள். பித்தளைக்கு ஒரு சத்தம், எவர்சில்வருக்கு ஒரு சத்தம், அலுமினியத்துக்கு ஒரு சத்தம். மூன்றையும் அவள் சேர்க்கிற சேர்ப்பில், சாமியாடுகிறவர்கள் முறை வருவதற்கு முன்பே ஆடிவிடுவார்கள். ஒரு கோடையில் குழாயில் தண்ணீர் வராதபோது பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் போய் அதே மேளத்தை அடித்தார்கள். மறுநாள் தண்ணீர் வந்தது.

எல்லாம் சரி. மூடிகளைத் திருப்பிக் கொடுப்பதில்தான் வடிவு மோசம். கைக்கு வந்ததை, கால் போன வீட்டில் கொடுத்துவிடுவாள். அப்புறம் ஒரு மாசம் தெருவே மூடி தேடும். தையல்காரர் வீட்டு மூடி பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில் இருக்கும். வாத்தியார் வீட்டு மூடி எங்கே என்று யாருக்கும் தெரியாது. தேடிப் போகிற இடத்தில் உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள், வடிவைத் திட்டுவார்கள். ஆவுடையப்பனுக்கு மானம் போகும்.

போன ஆவணியில் காய்ச்சல் என்று படுத்த வடிவு எழுந்திருக்கவில்லை.

பதினாறு நாள் முடிந்து உறவினர் எல்லோரும் போன பிறகு, என்ன செய்வது என்று ஆவுடையப்பனுக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒன்றைச் செய்தார். ஒழுங்குபடுத்தினார்.

நோட்டும் பென்சிலுமாகத் தெருவில் இறங்கினார். பாத்திரத்தில் பேர் வெட்டியிருக்கிறது, மூடியிலும் பேர் வெட்டியிருக்கிறது, கண் இருந்தால் போதும். மூன்று வாரத்தில் எல்லா மூடியும் அதனதன் பாத்திரத்தில் போய் உட்கார்ந்தது. போன வீடுகளில் யாராவது "வடிவக்கா ஒரு நாளு" என்று ஆரம்பித்தால், இன்னும் ஒன்பது வீடு இருக்கிறது, மூடியை எடுங்கள் என்று வாயை அடைத்துவிட்டார்.

ஒன்றே ஒன்றுதான் அகப்படவில்லை. கடைசி வீட்டுப் பேச்சியம்மாளின் அண்டா மூடி. பேச்சியம்மாள் ஒண்டிக்கட்டை. நாக்கு மட்டும் நாலு பேருக்கு உள்ளது. அண்டாவைப் பலகையால் மூடி வைத்திருந்தாள். மூடியைப் பற்றிக் கேட்டதற்கு, கிடந்துவிட்டுப் போகிறது, உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

தெருக்குழாய் பக்கத்தில் கறுப்புக் கல் ஒன்றும் வைத்தார். தங்க எழுத்தில் பேர், பிறப்பு, இறப்பு, 'தன்னலமற்ற சேவகி'. முதல் வாரம் எல்லோரும் நின்று வாசித்தார்கள். அதன் பிறகு அதில் கூழ் வற்றல் காயப் போட்டார்கள். கறுப்புக் கல் சீக்கிரம் சூடேறும் என்பது தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஆவுடையப்பன் இருபத்திரண்டு வீட்டுக்குச் சரியான மூடி போட்டார், ஊர் வாய் மூடிக்கொண்டது. யாரும் அவர் வீட்டு வாசலுக்கு வரவில்லை. யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. வருஷ திதிக்குப் பத்து நாள் இருக்கும்போது பள்ளிக்கூட வாத்தியாரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனார். வாத்தியார் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், யாருக்குத் திதி என்று கேட்டார். அன்று ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று அழுதார்.

மறுநாள் காலை ஆற்றங்கரைக்குப் போனார். அங்கே ஒரு பாறைக்கடியில் பாறையடிச் சாமி என்ற சாமியார் இருந்தார். சாமிக்கு வயது நாற்பத்தைந்துகூட இராது. முன்பு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் என்று பேச்சு. தன்னைவிட இருபது வயது இளையவரிடம் ஆவுடையப்பன் ஆறு வருஷமாகச் சீடராக இருந்தார். இவர் அவரைச் சாமி என்பார். அவர் இவரை அண்ணாச்சி என்பார்.

"சாமி, வடிவ எல்லாரும் மறந்துட்டாக."

சாமி அப்போதுதான் கஞ்சி குடிக்க உட்கார்ந்திருந்தார்.

"மறக்காம இருக்க நீங்க என்ன செஞ்சீக, அண்ணாச்சி?"

"கல்லு வச்சேன். அவ கலைச்சுப் போட்டதயெல்லாம் ஒழுங்கு பண்ணிட்டேன். ஒரே ஒரு மூடிதான் பாக்கி. அதுதான் மனசுல உறுத்துது."

சாமி கஞ்சிச் சட்டியின் மூடியை எடுத்துத் தரையில் வைத்தார். சின்னச் சட்டிக்குப் பெரிய மூடி. ஆறு வருஷமாக ஆவுடையப்பன் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சாமியார் பாத்திரத்தில் பேர் வாசிப்பது மரியாதை இல்லை என்று வாசித்ததில்லை. இன்றைக்கு மூடி அவர் காலடியிலேயே வந்து உட்கார்ந்தது. மு. பேச்சியம்மாள் என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது.

"சாமி, இது பேச்சியம்மா மூடி."

"ஆமா."

"இதுக்குத்தான் மூணு வாரம் அலைஞ்சேன். உங்ககிட்ட எப்படி வந்துது?"

"வடிவு மதினிதான் குடுத்தாக. ஏழெட்டுக் கொடை இருக்கும்."

"சொல்லியிருக்கலாமே, சாமி."

"நீங்க கேக்கலியே. கொண்டு குடுத்துட்டு வாங்க."

ஆவுடையப்பன் அறுபத்தாறு வயதுக்கு ஆகாத வேகத்தில் நடந்தார். வெயிலுக்கு மூடியையே தலைக்குப் பிடித்துக்கொண்டார். இதோடு எல்லாம் சரியாகிவிடும், வடிவின் பேரில் ஒரு குறையும் இருக்காது என்று நெஞ்சு நிறைந்திருந்தது.

பேச்சியம்மாள் மூடியைப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"இத யாரு உங்கள எடுத்துட்டு வரச் சொன்னா?"

"காணாமப் போனதாச்சே."

"எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதாக்கும்? மாசம் ஒருக்கா இத வாங்கத்தான் ஆத்தங்கரைக்குப் போறேன். சாமி கஞ்சி குடுப்பாக. ஒக்காந்து உங்க பொண்டாட்டியத் திட்டுவேன். சிரிப்போம். கொஞ்சம் அழுவேன். மூடிய அங்கனயே வச்சிட்டு வந்துருவேன்." அவள் மூடியை அவர் கையில் திருப்பித் திணித்தாள். "நீங்க இத இங்க கொண்டாந்து வச்சிட்டா, அடுத்த மாசம் நான் என்னன்னு சொல்லிட்டுப் போக? சும்மா போயி உக்கார நான் என்ன வேல வெட்டி இல்லாதவளா?"

ஆவுடையப்பன் மூடியோடு திண்ணையில் உட்கார்ந்தார். அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, வடிவு அவர்மேல் கட்டிய பாட்டைக் கேட்டிருக்கிறாரா என்று விசாரித்தாள். அப்படி ஒரு பாட்டு இருப்பதே அவருக்குத் தெரியாது. தெருவில் அவர் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் தெரியுமாம். பேச்சியம்மாள் உள்ளங்கையில் தாளம் தட்டி, மூக்கால் பாடினாள்:

"ஆணி ஒண்ணு காணலைன்னு அன்னந் தண்ணி விட்டாரே,
தேடித் தேடி ஓஞ்ச பின்னே சட்டப் பையத் தொட்டாரே."

அது நடந்ததுதான். அந்த ஆணி சட்டைப் பையில்தான் இருந்தது. ஆவுடையப்பன் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. அதை மறைக்க அவர் முயற்சி செய்யவில்லை. பேச்சியம்மாள் அடுத்த அடியைப் பாடினாள். மொத்தம் பதினொரு அடி இருந்தது.

அவர் மூடியோடு பாறைக்குத் திரும்பியபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. சாமியின் கஞ்சிச் சட்டி திறந்தே கிடந்தது. சாமி ஒரு தென்னங்கீற்றால் ஈ விரட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, அவ அவசரத்துல மாத்தி மாத்திக் குடுத்துட்டா, பாவம், கவனம் பத்தாதுன்னுதான் இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன்."

"ம்."

"ஒவ்வொரு மூடியிலயும் பேரு வெட்டியிருக்கே."

"மதினிக்கு வாசிக்கத் தெரியாதோ?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். தெருவுக்கே மனு எழுதினவள், வாத்தியார் எழுதினதிலேயே பிழை திருத்தினவள் என்று சொல்ல வந்தார். அதற்குள் விரல் மூடியில் வெட்டியிருந்த பேரைத் தொட்டுவிட்டது. மூடியை மடியில் வைத்துக்கொண்டு, ஆறு கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் எழுந்து வேட்டியைத் தட்டினார்.

"இந்த மூடிய நான் எந்த வீட்டுல குடுக்கட்டும், சாமி?"

"பேரு தெளிவா வெட்டியிருக்குல்லா, அண்ணாச்சி. நல்லா வாசிச்சுக்கிடுங்க. அந்த ஒரு வீட்டுல மட்டும் குடுத்திராதீக."