மஞ்சள் பையில் காற்று

ஓணாங்குளத்து அண்ணன் தம்பி மூவரும் யோசிக்காமல் எதையும் செய்ததில்லை. சிக்கலே அதில்தான் இருந்தது.

மூத்தவன் கருத்தப்பாண்டிக்குக் கல்லூத்தில் பெண் பேசியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் பூ வைத்தாக வேண்டும். தவறினால் பெண் அவளுடைய முறைமாமனுக்கு என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். வழி நாலு மைல். பாதி தார் ரோடு, பாதி காட்டுப் பாதை. இருப்பதோ ஒரே சைக்கிள்.

"ஒரு வண்டி ரெண்டுக்கும் தாங்குமா அண்ணாச்சி?" என்று சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டார்கள்.

"தாராளமா. தாருன்னா காத்து கல்லு மாதிரி இருக்கணும். மண்ணுன்னா கொஞ்சம் இறக்கி விட்டுக்கிடணும். அவ்வளவுதான்" என்று கையோடு ஒரு பம்பையும் கொடுத்தார்.

காலை ஏழு மணிக்கு அங்கிருந்தே புறப்பட்டார்கள். பத்தடியில் ஒரு பள்ளம்.

"மண்ணுடா, இறங்கு!"

காற்றை இறக்கினார்கள். பள்ளம் தாண்டியதும் தார், பம்பால் காற்றை அடித்தார்கள். அந்தச் சாலையைப் போட்ட புண்ணியவான் தாருக்கும் பள்ளத்துக்கும் ஓரவஞ்சனை இல்லாமல் சம பங்கு கொடுத்திருந்தார். எட்டரை மணிக்கும் கடைக்காரர் கண்ணுக்குத் தெரிந்தார்.

ஒன்பதாவது பள்ளத்தில் முன் சக்கரம் தாரிலும் பின் சக்கரம் மண்ணிலும் நின்றது.

"அண்ணே, இப்ப நாம ரோட்டுல போறமா, காட்டுல போறமா?" என்றான் நடுவுள்ளவன் சோணைமுத்து.

"முன்னால இருக்கிற நான் ரோட்டுல. பின்னால இருக்கிறவன் காட்டுல."

"அப்ப நடுவுல நானு?"

"நீ பேசாம வா."

கடைசித் தம்பி இருளப்பனுக்கு வேறு கவலை. "இறக்குற காத்தெல்லாம் வீணாப் போகுதே. பிடிச்சு வச்சா அடிக்கிற வேலை மிச்சம்ல?"

இருந்தது ஒரு மஞ்சள் பை. அதிலிருந்த பூவை ரோட்டோரக் கல்லின்மேல் பத்திரமாக வைத்துவிட்டு, பையில் காற்றைப் பிடித்து வாயை இறுக்கிக் கட்டினார்கள்.

மணி ஒன்பதரை. கருத்தப்பாண்டிக்கு அழுகை வந்துவிட்டது. "அந்த முறைமாமனுக்குத் தலையில முடியே இல்லடா!" அழுதபடியே ஒரு யோசனையும் வந்தது. "வண்டியத் தூக்கிருவோம். தூக்கிட்டா தாரும் இல்ல, மண்ணும் இல்ல!"

மூவருமாகச் சைக்கிளைத் தோளில் சுமந்து ஓடினார்கள். பெண் வீட்டு வாசலை மிதித்தபோது பத்தரைக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. பெண்ணின் அப்பா நெகிழ்ந்துபோனார்.

"சைக்கிளையே இப்படித் தாங்குறவரு எம்மகளை எப்படித் தாங்குவாரு! பூவை எடுங்க மாப்ளே."

"ரோட்டுல பத்திரமா இருக்கு மாமா. இந்தா, எடுத்துட்டு வந்துர்றேன்" என்று கருத்தப்பாண்டி மறுபடி சைக்கிளைத் தோளில் ஏற்றினான்.

"நிதானமாப் போயிட்டு வாங்க. நீங்க வர்ற வரைக்கும் பத்தரை ஆகாம நான் பாத்துக்கிடுறேன்" என்ற மாமனார், சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார். அதைப் போட்டுக் கட்டி வைக்க, இருளப்பன் கையிலிருந்த மஞ்சள் பையை வாங்கி முடிச்சை அவிழ்த்தார்.

இருளப்பன் பதறிப்போனான்.

"மெதுவா மாமா, மெதுவா! காத்து போயிரும்!"