பூவிலேயே மடக்கிய பயறு

மலையடிவாரக் கொய்யாத் தோப்பில் ஒரு குரங்குக் கூட்டம் இருந்தது. தோப்பு என்று சொல்வதெல்லாம் பழைய பழக்கத்தில்தான். கிழ மரங்கள் அத்தனையும் பட்டுப்போய்விட்டன. அதே குழிகளில் குரங்குகள் இரண்டு முறை கன்று நட்டார்கள். இரண்டு முறையும் கருகிவிட்டது. ஓடைக்கரையில் மிச்சம் இருந்தவை ஒன்பதே கன்றுகள். அவையும் போனால் இனி விதைக்குக்கூடக் கொய்யா கிடையாது.

கூட்டத்தின் தலைவி பூவாயி ஒரு குழியில் கையை விட்டுக் கிளறினாள். ஒற்றை மண்புழு நெளிந்தது.

"முப்பது வருஷமா இந்த மண்ணு உங்களுக்குப் பழம் குடுத்திருக்கு. நீங்க அதுக்கு என்ன குடுத்தீங்க?" என்று கேட்டது புழு.

பூவாயிக்குச் சுருக்கென்றது. "என்ன குடுக்கணும்?"

"தட்டைப்பயறு விதை. பூத்ததும் கொடியோட கிளறி மண்ணுக்குள்ள மடக்கிடு. அது மக்கினப்புறம் கன்னு நடு."

குரங்குகள் வயல்களுக்குப் போய்ப் பயறைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வந்தார்கள். வழியிலேயே பாதியை விழுங்கிவிட்டார்கள். குரங்குகள்தானே! மீதியை விதைத்தார்கள். கோடை மழை ஈரத்தில் கொடி படர்ந்து, நாற்பதாம் நாள் பூத்தது. அதன்பிறகு மழையே இல்லை. காட்டில் தின்னப் பழமும் இல்லை.

பூவாயி காட்டுப்பன்றியை அழைத்து வந்தாள். மண்ணைக் கிளறுவதில் அதற்கு ஈடு யார்? ஆனால் கூட்டத்தின் பெரிய கடுவன் மொக்கையன் குறுக்கே வந்து நின்றான்.

"இன்னும் பத்து நாள் பொறு. காய் வந்துடும். தின்னுட்டு மடக்குவோம்."

"காய் வந்தா சத்தெல்லாம் காய்க்குப் போயிடும். மண்ணுக்குச் சக்கைதான் மிஞ்சும்."

"மண்ணா பசிச்சு அழுவுது? உன் புள்ள அழுவுது, பாரு."

குட்டி அழுதுகொண்டுதான் இருந்தது. இரண்டு நாளாகப் பூவாயிக்குப் பால் சுரக்கவில்லை. பூவையும் குட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பத்து நாள்தானே என்று அவளுக்கே ஒரு கணம் தோன்றியது.

"நீங்க கிளறுங்கண்ணே" என்றாள் பன்றியிடம்.

மொக்கையன் பாய்ந்து அவள் தோளைக் கவ்வினான். ரத்தம் வழிந்தது. அவள் நகரவில்லை. பன்றியும் நிறுத்தவில்லை. பொழுது சாய்வதற்குள் பூவும் கொடியும் மண்ணுக்குள் போய்விட்டன. அன்றோடு கூட்டம் அவளிடம் பேச்சை விட்டது. அவள் எங்கெங்கோ அலைந்து புளியங்கொழுந்து பறித்து வந்து குட்டிக்கு மென்று ஊட்டினாள்.

மழை வந்தது. ஓடைக்கரையிலிருந்து ஒன்பது கன்றுகளையும் பெயர்த்து வந்து, அந்தக் குழிகளில் தனியாகவே நட்டாள். மூன்றாம் வாரம் இலைகள் வாடித் தொங்கின. இரண்டு கன்றுகள் பட்டே போயின.

"எங்க வயித்துல அடிச்சதுக்கு இதுதான் பலன்" என்றான் மொக்கையன்.

மறுநாள் விடிந்ததும் பயந்து பயந்து போய்ப் பார்த்தாள். மிச்சம் ஏழிலும் நுனியில் துளிர் விட்டிருந்தது. பின்னாலேயே வந்த மொக்கையன் ஒரு துளிரை மோந்து பார்த்தான்.

"ஆடு வந்தா மேஞ்சுடும். நான் இங்க காவல் இருக்கேன். நீ போயி புள்ளையப் பாரு" என்றான், அவள் தோளின் தழும்பைப் பார்க்காமலே.

நமக்குப் பசிக்கிற நேரத்திலும், நமக்குச் சோறிடும் மண்ணின் பசியை முதலில் ஆற்ற வேண்டும்.