முத்துக்கிளி கழற்றி வைத்த கைப்பட்டை

முத்துக்கிளியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், லட்சுமிகாந்தன் தன் ஆசிரியை மெஹருன்னிசாவிடம் போய் நின்றார். நாற்பதைத் தாண்டிய ஆய்வு மாணவர் அவர். இதயத் துடிப்பு பிசகினால் எச்சரிக்கும் கைப்பட்டையை யார் விடாமல் கட்டிக்கொள்வார்கள், யார் கழற்றி வைப்பார்கள் என்று முன்கூட்டியே கணிப்பதுதான் அவருடைய ஆய்வு. உப்பளத்துக் குடியிருப்பில் நூற்றிருபது பேரிடம் பதினான்கு கேள்விகள் கேட்டு மதிப்பெண் போட்டு, பட்டையையும் கொடுத்திருந்தார். விடாமல் கட்டிக்கொள்வார்கள் என்ற வரிசையில் முதலிடம் முத்துக்கிளிக்கு.

அவள் இரண்டே வாரத்தில் பட்டையைக் கழற்றிவிட்டாள். அடுத்த மாதம் உப்புப் பாத்தியிலேயே விழுந்து இறந்தாள்.

"எந்தக் கேள்வி தப்பாப் போச்சு, மேடம்?"

மெஹருன்னிசா அவர் நீட்டிய கேள்வித்தாள்களைத் தொடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க" என்றார்.

முத்துக்கிளியின் வீட்டில் அவள் அண்ணன் மனைவி ஆவுடைத்தாய் இருந்தாள். இவர்களைக் கண்டதும் உள்ளே போய், துணியில் சுற்றிய பட்டையை எடுத்து வந்து நீட்டினாள்.

"இதைக் கேட்டு வருவீங்கன்னு தெரியும். ஒரு கீறல் கிடையாது, பாத்துக்கிடுங்க."

லட்சுமிகாந்தனுக்குக் கை நீளவில்லை. ஏன் கழற்றினாள் என்று ஆசிரியைதான் கேட்டார்.

ஆவுடைத்தாய் நிதானமாகச் சொன்னாள். பட்டையைக் கட்டிய மூன்றாம் நாள் பாத்தியில் நிற்கும்போது அது ஒலித்திருக்கிறது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிப் போனிலும் செய்தி. வேலையைப் போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிப் போனாள். ஈசிஜி எடுக்கிறவர் லீவு, திங்கட்கிழமை வா என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அளத்தில் அவள் இடத்தில் வேறு ஆள் நின்றது. கெஞ்சிக் கேட்டு மறுபடி சேர்ந்தபின், மேஸ்திரி காதில் விழாதபடி பட்டையின் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு உப்பு வாரினாள். அது தினமும் ஒலித்தது.

"'போ போங்குது மைனி, போனா அங்க யாரு இருக்கா?'ன்னு கேட்டா. அன்னைக்குக் கழட்டுனவதான்."

திரும்பும் வழியில் லட்சுமிகாந்தன் நோட்டை எடுத்தார். ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு கேள்வி சேர்த்திருக்க வேண்டும் என்றார்.

"அது ஒலிச்சா உங்க கம்ப்யூட்டருக்கும் தகவல் வருமில்ல?" என்றார் மெஹருன்னிசா.

"வரும்."

"எத்தனை தடவை வந்தது?"

"ஒன்பது."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

அவர் நடப்பதை நிறுத்தினார். இருபுறமும் உப்பு வெயிலில் கண்ணைக் குத்தியது.

"'கருவியைப் பயன்படுத்துகிறார்'னு குறிச்சுக்கிட்டேன்."

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். பஸ் வருவது தெரிந்ததும் லட்சுமிகாந்தன் மெல்லக் கேட்டார்.

"அடுத்த ஊருக்குப் போறதுக்கு முன்னாடி கேள்விகளை மாத்திடட்டுமா, மேடம்?"

"வேண்டாம். 'எச்சரிக்கை வந்தா உடனே கவனிப்பீங்களா'ன்னு ஒண்ணு வச்சிருக்கீங்க. அங்க அதை அந்த ஊர்க்காரங்க உங்ககிட்ட கேட்கட்டும்."