நூல் பார்க்கும் வேலை

"அம்மா, எனக்கு எப்போ தியானம் சொல்லித் தருவீங்க?"

கேட்டவர் வேலப்பன். செக்கையும் கடையையும் மகன் தலையில் கட்டிவிட்டு, ஞானம் தேடி மலையேறி வந்தவர். குரு வடிவம்மை அவரைவிட வயதில் சிறியவர். அதில் வேலப்பனுக்குக் குறை ஒன்றுமில்லை. அந்த அம்மாள் கொடுத்த வேலையில்தான் குறை.

ஆசிரமம் கெட்டியான பாறைமேல் இருந்தது. அதை ஒட்டிய சரிவோ, மழையில் நீளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்பின் இரு கரையிலும் முளை அடித்து, குறுக்கே தொய்வாக ஒரு நூல் கட்டியிருந்தார்கள். சரிவு நகர்ந்தால் நூல் இறுகும். இறுகினால் மணியடிக்க வேண்டும். மணி கேட்டால் அடியில் உள்ள ஊர் ஆசிரமத்துக்கு ஏறிவிடும்.

"நூலைப் பாக்கறீங்களா?" என்றார் வடிவம்மை.

"பாக்கறேன். நாள் பூரா ஒரு நூலையே பாத்துக்கிட்டு இருக்கவா வீட்டை விட்டு வந்தேன்? இதுக்கு ஒரு காவக்காரன் போதுமே."

வடிவம்மை சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

உண்மையில் வேலப்பன் பார்த்தது கொஞ்சம்தான். மூடுபனி வந்து மடியில் உட்கார்ந்துகொள்ளும். மரம் கரையும், மலை கரையும், கடைசியில் தானும் கரைவதாகத் தோன்றும். கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே எங்கோ வெளிச்சம் ஊறும். இதோ கிட்டிவிட்டது என்று நெஞ்சு குளிரும்.

விழித்துப் பார்த்தால் வாயோரம் எச்சில் வழிந்திருக்கும்.

ஞானம் எதுவரை, தூக்கம் எதிலிருந்து என்று பாவம், அவருக்குப் பிடிபடவே இல்லை.

ஒரு நாள் காலை வடிவம்மை பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

"எங்கம்மா?"

"கீழே. சரிவுக்கு நேர் அடியில செல்லக்கிளி வீடு இருக்கில்ல, இனி எனக்கு அங்கதான் படுக்கை."

"மழை விட்டபாடில்லை. வேண்டாம்மா."

வடிவம்மை பனிக்குள் இறங்கிப் போய்விட்டார்.

அன்றும் மரம் கரைந்தது, மலை கரைந்தது. வேலப்பன் கரையவில்லை. நூலில் நீர் முத்து முத்தாகக் கோத்து நின்றது. ஒவ்வொன்றும் உதிர்வதைப் பார்த்தார். பசி தெரியவில்லை. மகன் நினைவு வரவில்லை, கடை நினைவு வரவில்லை. பயம் மட்டும் இருந்தது.

உச்சிப்பொழுதில் தொய்வு கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. விரலை வைத்துப் பார்த்தார். நனைந்ததால் இறுகியிருக்கலாம். மற்ற நாளாக இருந்தால் அப்படிச் சொல்லிக்கொண்டு கண்ணை மூடியிருப்பார்.

ஓடிப்போய் மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக ஊர் வந்து சேர்ந்தது. ஆடுகள் வந்தன, மூட்டைகள் வந்தன. குருவை மட்டும் காணவில்லை. வேலப்பனுக்கு உயிரே இல்லை.

கடைசியில் வடிவம்மை வந்தார். தோளில் செல்லக்கிளியின் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான்.

வேலப்பனுக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னிக்கு ஒரு நொடி கண்ணை மூடலைம்மா. நீங்க அங்க இருக்கும்போது எனக்கு எப்படித் தூக்கம் வரும்?"

வடிவம்மை பிள்ளையை அவர் கையில் கொடுத்தார். அவன் கண் திறக்காமலே அவர் சட்டையைப் பற்றிக்கொண்டான்.

"நேத்தும் இவன் அங்கதான் இருந்தான்" என்றார்.