முள் நிற்கும் இடம்

கொடைக்கானல் மலை ஏறும் வண்டிகள் வத்தலக்குண்டு தாண்டியதும் ஒருமுறை நின்று மூச்சு வாங்கும். மூச்சு திணறுகிற வண்டிகள் ரெஜினாவின் பட்டறைக்கு வரும். ஒயர், மீட்டர், விளக்கு எல்லாம் அவளுக்குக் கைவந்த வேலை. வயது முப்பத்தைந்துதான், ஆனால் மலைப்பாதை டிரைவர்கள் அத்தனை பேரும் அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவளுக்கு ஒரே சீடர், ஒச்சப்பன். ஐம்பதைத் தாண்டியவர். காலமெல்லாம் லாரி ஓட்டி, இடுப்பு விட்டுப் போனபிறகு, பேரன் எடுத்த வயதில் தொழில் படிக்க வந்தவர். நல்ல மனுஷன். ஆனால் ஒன்றைச் சரி என்று சொன்ன வாயால் அதற்கு நேர் எதிரானதும் சரிதானே என்பார். காலையில் ஒரு கேள்வியோடு வந்தால் சாயங்காலம் மூன்று கேள்வியோடு வீட்டுக்குப் போவார். ரெஜினா பாதிக்குப் பதிலே சொல்ல மாட்டாள்.

ஒரு வியாழக்கிழமை, வெயில் ஏறின நேரத்தில், பழைய வெள்ளைக் கார் ஒன்று பட்டறை வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஒச்சப்பனின் மாப்பிள்ளை வேல்ராசு. பின்சீட்டில் மகள் பாண்டிமீனா, மடியில் ஐந்து மாதக் குழந்தை. பிள்ளை பிறந்தபிறகு முதன்முதலாகத் தகப்பன் வீட்டுக்குப் போகிறது. மலைமேல் பண்ணைக்காட்டில் வேல்ராசின் அம்மா ஆரத்தி கரைத்து வைத்துக் காத்திருக்கிறார். ராகுகாலம் பிறப்பதற்குள் குழந்தையோடு வாசல்படி தாண்டிவிட வேண்டும். வழியில் நிறுத்தித் தாத்தாவிடம் பேரனை இன்னொரு தடவை காட்டிவிட்டுப் போவதாக ஏற்பாடு.

காட்டினார்கள். ஒச்சப்பன் கிரீஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கால் மட்டும் பேரனைத் தொட்டார்.

அப்புறம்தான் வேல்ராசு விஷயத்தைச் சொன்னார். விருவீட்டைத் தாண்டும்போது ஹீட் மீட்டர் முள் கிடுகிடுவென்று மேலே போனதாம். நிறுத்தலாமா என்று யோசிப்பதற்குள் தானாகவே இறங்கி அடியில் உட்கார்ந்துவிட்டதாம். ஊருக்குள் நுழையும்போது சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்ததாம்.

ஒச்சப்பன் குனிந்து பார்த்தார். முள் அடியில்தான் இருந்தது, விடிகாலையில் எடுத்த வண்டி மாதிரி. சிவப்பு விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு இருந்தது. பிள்ளை முதல் தடவை வீட்டுக்குப் போகும்போது கண்முன்னே சிவப்பு எரிவது நல்ல சகுனமில்லை என்று பாண்டிமீனா தன் நெற்றிப் பொட்டை எடுத்து அதன்மேல் ஒட்டியிருந்தாள். பொட்டின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்தது.

அவருக்கு உயிர் வந்தது. முள் குளிர்ச்சி என்கிறது. குளிர்ந்த எஞ்சினுக்கு ஹீட் விளக்கு எதற்கு எரிய வேண்டும்? ஒயர்தான் எங்கேயோ உரசுகிறது. பானட்டைத் தூக்கினார். உள்ளேயிருந்து அனல் அடித்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டார். விளக்கின் ஒயரைத் தேடிப் பிடித்துக் கழற்றினார். விளக்கு அணைந்தது.

"போகலாமா மாமா?" என்றார் வேல்ராசு.

போங்க என்று சொல்ல வாயைத் திறந்தார். கண் மலைப்பாதைக்குப் போனது. லாரி டிரைவருக்கு அந்த மலை தெரியும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. எஞ்சின் வழியில் நின்றால் பச்சைப்பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே நிற்பார்கள்? நிறுத்தச் சொன்னால் மாப்பிள்ளை வீட்டில் காலத்துக்கும் சொல்லிக்காட்டுவார்கள். முள்ளைப் பார்த்தால் அனுப்பச் சொல்கிறது. விளக்கை நினைத்தால் நிறுத்தச் சொல்கிறது. தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ரெஜினா ஒரு வேனின் டேஷ்போர்டுக்குள் தலையை விட்டிருந்தாள். அவளிடம் போய் நின்றார்.

"மேஸ்திரி, முள்ளு பொய் சொல்லுதா, வெளக்கு பொய் சொல்லுதா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். முதலில் அவர் கழற்றிய ஒயரைத் திரும்ப மாட்டினாள். எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் போடச் சொன்னாள். பொட்டை உரித்து எடுத்தாள். விளக்கு எரிந்தது. ஒயரைக் கழற்றினாள், அணைந்தது. மாட்டினாள், எரிந்தது. அடுத்து முள்ளுக்குப் போகும் ஒயரைக் கழற்றி இரும்பில் தொட வைத்தாள். முள் விருட்டென்று உச்சிக்குப் போனது. எடுத்தாள், விழுந்தது.

"என்ன தெரியுது?" என்று கேட்டாள்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

"ஆமா."

"அப்ப ரெண்டும் சொல்றது நெசமா?"

"ஆமாண்ணே."

"ஒரே எஞ்சின் எப்படி மேஸ்திரி சூடாவும் இருக்கும், குளிர்ச்சியாவும் இருக்கும்?"

ரெஜினா சாவியை எடுக்கச் சொன்னாள். பாண்டிமீனாவைக் குழந்தையோடு இறங்கி நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு, வேன் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

ஒச்சப்பனுக்குக் கோபம் வந்தது. கேட்டது ஒரு கேள்வி. கேட்க வந்தபோது ஒன்றாவது பொய் என்ற தெளிவு இருந்தது, இப்போது அதுவும் போய்விட்டது. வேல்ராசு பொறுமையிழந்து கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும், ஆறட்டும் என்று ரெஜினா அங்கிருந்தே சத்தம் போட்டாள். மேலேயிருந்து வேல்ராசின் அம்மா போன் செய்தார். கிளம்பியாச்சா என்றார். அடுத்த போனில், உன் மாமனார்தானே மெக்கானிக்கு என்றார். வேல்ராசு போனைக் காதோடு அழுத்திப் பிடித்தும் அது ஒச்சப்பனுக்குக் கேட்டுவிட்டது. குழந்தை வேறு அழ ஆரம்பித்தது.

நன்றாக ஆறியபிறகு ரெஜினா வந்து மூடியைத் திறந்தாள். ஒரு கம்பியை ஒச்சப்பன் கையில் கொடுத்து உள்ளே விடச் சொன்னாள். விட்டார். எடுத்தார். கம்பி காய்ந்து இருந்தது. இன்னும் ஆழமாக விட்டார். அப்போதும் காய்ந்தே வந்தது. கீழே குனிந்து பார்த்தால், அடியில் ரப்பர் ஹோஸ் பிளந்திருந்தது. தண்ணீரெல்லாம் வழியிலேயே ஒழுகிப் போயிருந்தது.

எஞ்சினின் மேல்பக்கம், தண்ணீர் ஓடும் வழியில் செருகியிருந்த சின்னப் பித்தளைச் சென்சாரை அவள் விரலால் தட்டினாள்.

"முள்ளுக்குச் சேதி சொல்றது இது. வெளக்கோட சென்சாரு அந்தா, இரும்புக்குள்ள இருக்கு. இரும்பு கொதிச்சுது, வெளக்கு எரிஞ்சுது. இது எதுல நின்னுச்சு?"

ஒச்சப்பன் கம்பியைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லாததுல நின்னுச்சு."

"என்ன சொல்லுச்சு?"

"சூடு இல்லைன்னு சொல்லுச்சு."

"பொய்யா?"

பொய் இல்லை. தண்ணீர் இல்லை, அதனால் தண்ணீரில் சூடும் இல்லை. அந்த நெசத்தை நம்பித்தான் மகளையும் பேரனையும் மலையில் ஏற்றிவிடப் பார்த்தார். நிழலில் பாண்டிமீனா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

புது ஹோஸ் மாட்டுவதற்குள் ராகுகாலம் பிறந்துவிட்டது. அது கழியட்டும், சாயங்காலத்துக்குள் வந்து சேருங்கள் என்று மேலேயிருந்து உத்தரவு வந்தது. அந்தக் குரலில் இனிப்பு இல்லை. ஒச்சப்பனே தண்ணீர் ஊற்றினார். காற்றெல்லாம் குமிழியிட்டு வெளியேறும்வரை நின்று ஊற்றினார். ரெஜினா வண்டியை ஓடவிட்டாள். விளக்கு அணைந்தே இருந்தது. முள் மெல்ல மெல்ல எழுந்தது. கால் பங்கு. இன்னும் கொஞ்சம். பாதி.

ஒச்சப்பன் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்து சாவியை அணைக்கப் போனார்.

"காலையில அடியில கெடந்துச்சு மேஸ்திரி. ரிப்பேர் பாத்தபெறகு ஏறுதே?"

"இப்பத்தாண்ணே அது தண்ணியில நிக்குது" என்றாள் ரெஜினா.

முள் பாதியில் நின்றுவிட்டது. ஃபேன் ஓடி நின்றது, மறுபடி ஓடியது. முள் அசையவில்லை. ராகுகாலம் கழிந்ததும் வேல்ராசு ஏறி உட்கார்ந்தார். பாண்டிமீனா குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

"இப்பப் போகலாமா மாமா?"

மறுபடியும் அதே கேள்வி. ஒச்சப்பன் முள்ளைப் பார்த்தார். காலையில் அதைத்தான் நம்பினார். விளக்கைப் பார்த்தார். எரியாத விளக்கு காலையில் அவர் ஒயரைப் பிடுங்கியபோதும் எரியாமல்தான் இருந்தது. குழந்தை தூங்கிப்போயிருந்தது. எல்லாம் சரியாக இருப்பதுதான் இப்போது அவரைப் பயமுறுத்தியது. கொஞ்சம் பொறுங்க மாப்ளே என்று சொல்லிவிட்டு வேனுக்குப் போனார். ரெஜினாவின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"மேஸ்திரி, எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க ஒரு வார்த்தை போகட்டும்னு சொல்லிருங்க. அது போதும், கண்ண மூடிக்கிட்டு அனுப்பிச்சிருவேன்."

வேனுக்குள்ளிருந்து ரெஜினா தலையை வெளியே எடுத்தாள். அவரை முழுசாக ஒருமுறை பார்த்தாள்.

"நானும் ஒரு முள்ளுதாண்ணே. நான் எதுல நிக்கிறேன்னு பாத்தீங்களா?"

ஒச்சப்பன் காருக்குத் திரும்பி நடந்தார். எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டுப் பானட்டைத் தூக்கி, ஹோஸ் ஒழுகுகிறதா என்று குனிந்தார்.